எச்.டி.எல். மாடல் எங்கே கெட்டுப்போகிறது

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்கும் பிள்ளைகளில் சிலர் ப்ராஜெக்டுக்கு ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் எச்.டி.எல். துகளை எடுக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'நல்ல கொழுப்பு' என்று ஒற்றை எண்ணாக வருவதை அணு அணுவாகக் கட்டிப் பார்ப்பது அருமையான வேலை. ஆனால் இந்த மாடல்கள் பெரும்பாலும் கெடுவது சிமுலேஷன் (அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது) ஓடும்போது அல்ல, ஃபைல்களைத் தயார் செய்யும்போதே.

எந்த எச்.டி.எல். என்று முடிவு செய்யாமல் இறங்குவது முதல் தவறு. அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.063 முதல் 1.21 கிராம் வரை, விட்டம் சுமார் 7 முதல் 12 நானோமீட்டர் வரை உள்ள ஒரு கூட்டத்துக்கே அந்தப் பெயர். புதிதாக உருவாகும் துகள் தட்டு வடிவம். எல்கேட் நொதி கொலஸ்ட்ராலை எஸ்டராக மாற்ற மாற்ற, அது நடுவில் சேர்ந்து துகள் உருண்டையாகிறது. ரத்தத்தில் அதிகம் இருப்பது உருண்டைதான். கட்டுவதற்குச் சுலபம் என்று தட்டை எடுப்பதில் தப்பில்லை; அதில் கிடைத்த முடிவை எல்லா எச்.டி.எல்.லுக்கும் எழுதுவதுதான் தப்பு.

அடுத்தது எண் குழப்பம். பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் மாதக்கணக்கான உழைப்பை வீணாக்கிவிடும். எச்.டி.எல்.லின் முக்கியப் புரதம் அப்போ ஏ-1. யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் அது 267 அமினோ அமிலம். ரத்தத்தில் ஓடுவது 243தான். முன்னால் இருக்கும் 24 வெட்டுப்பட்டுவிடும். ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் 243 கணக்கிலேயே பேசும். மிலானோ என்ற திரிபில் 173ஆம் அர்ஜினின் சிஸ்டீனாக மாறியிருக்கிறது. முழு வரிசையில் அதன் இடம் 197. அங்கே போய் 173ஐத் தேடினால் அங்கேயும் ஒரு அர்ஜினினே இருக்கும்! அதனால் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. நீங்கள் மாற்றியதோ உண்மையில் 243 கணக்கில் 149ஆம் இடம், எல்கேட்டைத் தூண்டும் பகுதியில் உள்ளது. ஆகவே ஃபைலைத் திறந்ததும், முதல் எழுத்துகள் அஸ்பார்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம், இரண்டு புரோலின் என்று தொடங்குகின்றனவா என்று பாருங்கள்.

புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் தரும் ஒற்றைச் சங்கிலியை அப்படியே கொழுப்பில் ஒட்டுவதும் வேண்டாம். அதற்குக் கொழுப்பு இருப்பதே தெரியாது. நம்பகத்தன்மை நிறம் நன்றாக இருக்கிறது என்பதும் இதற்குப் பதிலாகாது. 1997இலும் 2011இலும் வந்த படிக அமைப்புகளும் கொழுப்பில்லாதவை, ஒரு பகுதி வெட்டப்பட்டவை. தட்டுத் துகளில் இரண்டு அப்போ ஏ-1, மோட்டார் புல்லியில் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும் இரண்டு பெல்ட்டுகளைப் போல, விளிம்பைச் சுற்றி எதிரெதிர்த் திசையில் கிடக்கின்றன. இரண்டின் ஐந்தாம் ஹெலிக்ஸும் (புரதத்தின் சுருள் பகுதி) நேருக்கு நேர் வருகிறதா என்று பார்த்தே தொடங்குங்கள்.

அப்புறம், சவ்வு சிமுலேஷனுக்கு வைத்திருந்த செட்டிங் ஃபைலை அப்படியே காப்பி செய்யும் வழக்கம். சவ்வு, சிமுலேஷன் நடக்கும் பாக்ஸின் இரு ஓரமும் தொட்டு நிற்கும், அதற்குச் செமி-ஐசோட்ரோபிக் அழுத்தம் (பக்கவாட்டுக்கும் உயரத்துக்கும் தனித்தனி) சரி. எச்.டி.எல். தண்ணீரில் தனியாக மிதக்கிறது, இதற்கு ஐசோட்ரோபிக் (எல்லாத் திசையிலும் ஒன்றாக) வேண்டும். பாக்ஸும் தட்டையாக இருக்கக் கூடாது. துகள் புரண்டால், பாக்ஸைச் சுற்றி மென்பொருள் அடுக்கும் தன் பிம்பத்தையே இடிக்கும். தட்டை நிரப்பும் கொழுப்பான பாஸ்போலிப்பிடின் எண்ணிக்கையும் முக்கியம். பெல்ட்டின் நீளம் மாறாது, உள்ளே கொழுப்பு குறைந்தால் தட்டு முறுக்கிக்கொண்டு சேணம் போல் வளைந்துவிடும். அது கண்டுபிடிப்பா, எண்ணிக்கைப் பிசகா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

வேகத்துக்காக, சில அணுக்களை ஒரே மணியாகச் சேர்த்துக் கணக்கிடும் மார்ட்டினி மாடல் எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அதில் ஹெலிக்ஸை நாமே கட்டிப்போடுகிறோம், அதனால் 'ஹெலிக்ஸ் குலையவில்லை' என்பதை முடிவாக எழுத முடியாது.

கடைசியாக, குறுக்கிணைப்புத் தரவு, அதாவது புரதத்தில் அருகருகே உள்ள இடங்களை வேதிப்பொருளால் இணைத்துக் கண்டறியும் சோதனை முடிவு. இரண்டு சங்கிலியும் ஒரே மாதிரி என்பதால், ஒரு இணைப்பு ஒரே சங்கிலிக்குள் விழுந்ததா, இரண்டுக்கும் நடுவிலா என்பது பல நேரம் தெரியாது. மாடலுக்கு ஒத்துவரும் விளக்கத்தை மட்டும் எடுக்காமல் இரண்டு வகையிலும் தூரத்தை அளந்து, இரண்டையும் அட்டவணையில் போடுங்கள்.