ஜோடியா காட்டுப்பக்கம் போகணுமா? அமாவாசைய பாத்து லீவு போடுங்க
கோலாலம்பூர்ல இருக்கிற ஜோடிங்க ரொம்ப தூரம் போக வேணாம், முதல்ல கோலசிலாங்கூர் போய் மின்மினி பூச்சிங்கள பாத்துட்டு வாங்க, காருல ஒண்ணு ஒன்றரை மணி நேரந்தான். ஆனா காலண்டர்ல அமாவாசை எப்பன்னு பாத்துட்டு அத ஒட்டி லீவு போடுங்க, ஏன்னா நிலா வெளிச்சத்துல மின்மினி அவ்வளவா எடுபடாது, மழை பேஞ்சாலும் வேஸ்ட்.

சாயங்காலமே புக்கிட் மெலாவாத்தி குன்று ஏறிடுங்க, அங்க சாம்பல் கலர் குரங்குங்க இருக்கும், அதோட குட்டி மட்டும் பளிச்சுனு ஆரஞ்சு கலர்ல அம்மா வயித்த கட்டிக்கிட்டு தொங்கும், அவ்ளோ அழகு! கையில பிளாஸ்டிக் பை மட்டும் வேணாம், புடுங்கிடும். இருட்டினதும் கம்போங் குவாந்தான்ல துடுப்பு போடுற சம்பான் படகுல ஏறுங்க, சத்தமே இல்லாம போகும், கரையோர பெரெம்பாங் மரம் முழுக்க மின்மினிங்க ஒண்ணா மின்னி மின்னி அணையும். போன் ஃபிளாஷ், டார்ச் எல்லாம் ஆஃப், கொசு மருந்த படகுல வச்சு அடிக்காதீங்க, அந்த மின்மினிங்க பாவம், ஏறுறதுக்கு முன்னாடியே கை கால்ல தடவிக்குங்க.

மூணு நாலு நாள் லீவு இருந்தா தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குப் போங்க, பகாங்ல கோலத்தாஹான் பக்கம். 13 கோடி வருசப் பழைய காடு! நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் மழைக்காலம், அப்ப வேணாம், மார்ச்சுக்கு மேல போங்க. அட்டை கடிக்கும், முட்டி வரைக்கும் சாக்ஸ் ரெண்டு பேருக்கும் கட்டாயம்.