ஹார்ட்வேரா ப்ளகினா? ஹோம் ஸ்டூடியோ மாஸ்டரிங்ல காசு வீணாப் போற இடங்கள்

மாஸ்டரிங்குக்கு (மிக்ஸ் முடிஞ்ச பாட்டை ரிலீஸுக்குத் தயார் பண்ற கடைசி வேலை) நல்ல கம்ப்ரசர் பெட்டி (சத்தத்தோட ஏத்த இறக்கத்தைக் கட்டுப்படுத்தற கருவி) ஒண்ணு வாங்கலாமா இல்ல ப்ளகினே (அதே வேலையைக் கம்ப்யூட்டர்ல செய்யற சாஃப்ட்வேர்) போதுமான்னு கேக்கறவங்க கிட்ட நான் திருப்பிக் கேக்கற மொத கேள்வி, உங்க ரூம் எத்தனைக்கு எத்தனை? பதில் பெரும்பாலும் பத்துக்குப் பத்து, இல்லன்னா பத்துக்குப் பன்னெண்டு, சீலிங்கும் பத்தடி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு முழிப்பாங்க. மொத தப்பே அங்கதான் இருக்கு.

ரெண்டு செவுரு பத்தடி இடைவெளியில எதிரெதிரா இருந்தா அதுக்கு நடுவுல 56 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு ஸ்டாண்டிங் வேவ் (செவுத்துல மோதித் திரும்பி ஒரே இடத்துல நிக்கற ஒலி அலை) வந்து உக்காந்துக்கும். சவுண்டோட வேகம் நொடிக்கு 343 மீட்டர், அதை செவுத்து இடைவெளியோட ரெண்டு மடங்கால வகுத்தா வர்ற கணக்கு, அவ்ளோதான். பேஸ் கிட்டார்ல ஏ ஸ்ட்ரிங்கை சும்மா தட்டினா வர்றது 55 ஹெர்ட்ஸ். நீளம் அகலம் உயரம் மூணும் பத்தடின்னா மூணும் ஒரே இடத்துல சேந்து அடிக்கும். இதுல வில்லங்கம் என்னன்னா அந்த வேவ் செவுத்தோரம் பயங்கரமா இருக்கும், ரூம் நடுவுல கிட்டத்தட்ட காணாமப் போயிடும், நாம சேரைப் போடறது கரெக்டா நடு ரூம்ல. உக்காந்து கேட்டா பேஸ் கம்மியாத் தெரியுது, உடனே புல்டெக்ல (பேர் போன ஒரு ஈக்யூ, அதாவது டோனைக் கூட்டிக் குறைக்கற கருவி) 60 ஹெர்ட்ஸ்ல பூஸ்ட் நாபை ஒரு நாலு டிபி (டெசிபல்) ஏத்தறோம், ஆஹா இப்பதான் வெயிட் வந்துச்சுன்னு எக்ஸ்போர்ட் பண்றோம், அதே பாட்டை கார்ல போட்டா டோர் பேனல் கடகடன்னு அதிருது. அந்த புல்டெக் ஒரிஜினலா, க்ளோனா, ப்ளகினாங்கறது இங்க ஒரு விஷயமே இல்ல.

செவுத்துல ஒட்டற ஒரு இன்ச் ஃபோம் இதுக்கு சுத்தமா உதவாது. 55 ஹெர்ட்ஸோட அலைநீளம் 6 மீட்டருக்கு மேல, அதை ஒரு இன்ச் பஞ்சு என்ன பண்ணிடும்? நாலு இன்ச், முடிஞ்சா அதுக்கு மேல தடிமனான ராக்வூல் பேனலை மூலைங்கள்ல கொஞ்சம் இடைவெளி விட்டு வைங்க, சேரை நடுவுலேர்ந்து நகத்தி முன் செவுத்துலேர்ந்து ரூம் நீளத்துல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல தள்ளிப் போடுங்க, கூடவே நீங்க நல்லாப் பழகின ஒரு ஓப்பன் பேக் (கப்போட பின்பக்கம் திறந்திருக்கற) ஹெட்ஃபோன்ல கிராஸ் செக் பண்ணுங்க. கார்பென்டர் கூலியையும் சேத்து இது ஒரு நல்ல மாஸ்டரிங் கம்ப்ரசர் விலைக்குப் பக்கத்துல கூட வராது.

அடுத்தது, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கற விதம். ஹார்ட்வேர்ல ஓட்டின வெர்ஷன் ஒண்ணு, ப்ளகின்ல ஓட்டினது ஒண்ணு, மாத்தி மாத்தி ப்ளே பண்ணிட்டு ஹார்ட்வேர்ல டெப்த் இருக்கு, அகலம் இருக்குன்னு சொல்லுவாங்க, மீட்டரைப் பாத்தா ஹார்ட்வேர் வெர்ஷன் முக்கால் டிபி சத்தம் ஜாஸ்தியா இருக்கும். அந்த அளவு வித்தியாசம் சத்தமாத் தெரியாது, நல்லா இருக்கறதாத்தான் தெரியும், எல்லார் காதும் அப்படித்தான். யூலீன் லவுட்னஸ் மீட்டர் ஃப்ரீயாவே கிடைக்குது, ரெண்டையும் ஒரே எல்யூஎஃப்எஸ்க்கு (காதுக்குத் தெரியற சத்தத்தை அளக்கற கணக்கு) கொண்டு வந்துட்டு, எது எதுன்னு தெரியாத மாதிரி வேற யாரையாவது ஸ்விட்ச் பண்ணச் சொல்லிக் கேளுங்க. ப்ளகினுக்கும் இதே சட்டம் தான், சில எமுலேஷன் (நிஜப் பெட்டியைக் காப்பி அடிக்கற ப்ளகின்) எல்லாம் இன்சர்ட் பண்ண உடனே எந்த நாபையும் தொடாமலே கொஞ்சம் லெவலை ஏத்தி விட்டுடும், நாம அதை அனலாக் வார்ம்த்னு நெனச்சுக்குவோம்.

சரி, அப்படிக் கேட்டும் எனக்கு ஹார்ட்வேர் தான் பிடிச்சிருக்குன்னா தாராளமா வாங்குங்க, ஆனா பெட்டி விலையை மட்டும் பாத்து பட்ஜெட் போடாதீங்க. பெட்டிக்குப் போற வழி, திரும்பி வர்ற வழி ரெண்டுக்கும் செலவு இருக்கு. உதாரணத்துக்கு ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டருக்கும் ஆடியோ கருவிக்கும் நடுவுல இருக்கற பெட்டி) வச்சிருக்கீங்கன்னு வைங்க, அதுல லைன் அவுட் மொத்தமே ரெண்டு தான், ரெண்டும் மானிட்டர் ஸ்பீக்கருக்குப் போயிடுது, கம்ப்ரசருக்கு எதை அனுப்புவீங்க? மானிட்டர் போக இன்னும் ரெண்டு அவுட், திரும்பி வர ரெண்டு லைன் இன் இருக்கற இன்டர்ஃபேஸ் வேணும், குறைஞ்சது 4ஐ4 மாதிரி ஒண்ணு. அந்தப் பெட்டி வழியாப் போய் வந்தா பாட்டு ஒரு தடவை டிஜிட்டல்லேர்ந்து அனலாகுக்கும் மறுபடி அனலாக்லேர்ந்து டிஜிட்டலுக்கும் மாறுது, அப்ப அதை மாத்தற கன்வர்ட்டர் சுமாரா இருந்தா லட்ச ரூபா ஈக்யூல கிடைச்ச கொஞ்ச அழகையும் அதுவே முழுங்கிடும். அப்புறம் லெவல், அதாவது சிக்னலோட வோல்டேஜ் அளவு, அதுக்கு டிபியூ, டிபிவின்னு ரெண்டு கணக்கு. ஸ்டூடியோ கியர் எல்லாம் பிளஸ் 4 டிபியூ கணக்கு, வீட்டு சாதனம் பலது மைனஸ் 10 டிபிவி கணக்கு, ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 12 டிபி. இது தெரியாம கனெக்ட் பண்ணிட்டு கம்ப்ரசர் ஊசியே அசையல, பெட்டி ரிப்பேர்னு கடைக்குத் தூக்கிட்டுப் போறவங்க உண்டு. 1 கிலோஹெர்ட்ஸ் சைன் டோனை மைனஸ் 18 டிபிஎஃப்எஸ்ல (டிஜிட்டல் லெவல் கணக்கு, அதுல ஜீரோ தான் உச்சம்) அனுப்பி, பெட்டியோட வியூ (VU) மீட்டர் ஜீரோ காட்டற மாதிரி ஒரு தடவை செட் பண்ணி எழுதி வச்சுட்டா இந்தத் தலைவலி தீந்துச்சு. லேட்டன்சியையும் (சிக்னல் போய் வர்ற தாமதம்) கவனிங்க, ஆப்பிளோட லாஜிக் சாஃப்ட்வேர்ல ஐஓ ப்ளகின்ல (வெளிப் பெட்டிக்கு சிக்னலை அனுப்பி வாங்கற ப்ளகின்) பிங் பட்டன் இருக்கு, அது போய் வர்ற நேரத்தை அளந்து சொல்லிடும்.

இன்னொண்ணு, நிறைய பேர் மாட்டறது இதுல தான். புல்டெக் ஈக்யூபி-1ஏ ஒரு மோனோ பெட்டி. இப்ப வர்ற வார்ம் ஆடியோ க்ளோனும் மோனோ தான். ஸ்டீரியோ மாஸ்டருக்கு ரெண்டு வேணும், ரெண்டும் ஒரே மாதிரி வேலை செய்யணும். சும்மா சுத்தற நாப் ரெண்டுலயும் ஒரே இடத்துல முள்ளு இருந்தாலும் உள்ள அரை டிபி வித்தியாசம் வரலாம், வோக்கல் லேசா ஒரு பக்கம் சாயும், ஏன்னு தேடித் தேடி மண்டை காயும். மேன்லி மாசிவ் பாசிவ் ஈக்யூல மாஸ்டரிங் வெர்ஷன்னு தனியா வச்சு, படிப்படியா க்ளிக் க்ளிக்னு விழற ஸ்விட்ச் போட்டுத் தர்றது இதுக்காகத்தான், விலையும் அதுக்கேத்த மாதிரி. என்னைக் கேட்டா ஒரே ஒரு மோனோ க்ளோன் வாங்கி வோக்கல் ரெக்கார்ட் பண்றப்ப அது வழியா எடுங்க, காசுக்கு அங்க நியாயம் கிடைக்கும்.

கரண்ட் சமாச்சாரம் யாருமே பேச மாட்டேங்கறாங்க. அமெரிக்காவுலேர்ந்து சொந்தக்காரங்க கொண்டு வந்த பெட்டி 115 வோல்ட்டுக்கு செட் ஆகி இருக்கலாம், நம்ம ஊர் 230, பின்னாடி செலக்டர் ஸ்விட்சைப் பாக்காம ப்ளக் பண்ணா ஃபியூஸ் போறதோட நின்னா அதிர்ஷ்டம். ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர்ல ஓட்டினா பாட்டுக்குள்ள பஸ்ஸுன்னு ஒரு சத்தம் ஏறும். ஹம் வந்தா எர்த் பின்னைக் கழட்டிட்டு ஓட்டற பழக்கம் இருக்கு பாருங்க, அது மட்டும் வேண்டவே வேண்டாம், வால்வு பெட்டிக்குள்ள நூத்துக்கணக்கான வோல்ட் ஓடுது, எர்த் இல்லாம உள்ள ஒரு வயர் பாடியில பட்டா தொடறவங்க கதி என்ன? எல்லாத்தையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்ல போடுங்க, பேலன்ஸ்டு கேபிள் போடுங்க, அப்பவும் போகலன்னா ஆடியோ லைன்ல ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்க. ப்ளகின் ஸ்கிரீன்ல பாக்க அம்சமா இருக்கற அந்த ஃபேர்சைல்ட் 670 கம்ப்ரசர், நிஜத்துல 20 வால்வு, 30 கிலோகிட்ட வெயிட். மே மாசம் சென்னையில பத்துக்குப் பத்து ரூம்ல அதை ஓட விட்டா ஏசி கை விரிச்சிடும்.

வேலை பண்ற விதத்தையும் யோசிக்கணும். ஹார்ட்வேர்ல நாலு நிமிஷப் பாட்டுக்கு நாலு நிமிஷம் ஓட விட்டாத்தான் பிரிண்ட் (ரெக்கார்ட்) ஆகும். அது பரவால்ல. ஆனா நம்ம ஆளுங்களுக்கு மெயின் வெர்ஷன் மட்டும் கொடுத்தா விடுவாங்களா, மைனஸ் ஒன் வேணும், கரோக்கி வேணும், டீசருக்கு முப்பது செகண்ட் கட் வேணும், எல்லாம் அதே செட்டிங்ல ஓடணும், ரெண்டு வாரம் கழிச்சு ப்ரோ வோக்கல் மட்டும் அரை டிபி ஏத்தினா நல்லா இருக்கும்னு வாட்ஸ்ஆப்ல ஒரு மெசேஜ் வரும், அதுக்குள்ள நீங்க வேற பாட்டுக்கு எல்லா நாபையும் திருகி இருப்பீங்க. ஃபோன்ல ஒவ்வொரு நாபையும் ஃபோட்டோ எடுத்து ப்ராஜெக்ட் ஃபோல்டர்லயே போட்டு வைக்கற பழக்கம் இல்லாதவங்களுக்கு ஹார்ட்வேர் சரிப்பட்டு வராது. ப்ளகின்ல செஷனை ஓப்பன் பண்ணா எல்லாம் விட்ட இடத்துல அப்படியே இருக்கும், அடிக்கடி திருத்தம் கேக்கற க்ளையன்ட் உள்ளவங்களுக்கு இது ஒண்ணே போதும்.

இதுக்காக ப்ளகின் பக்கம் தப்பே இல்லன்னு நெனச்சுடாதீங்க. ப்ளாக் ஃப்ரைடேல சல்லிசாக் கிடைக்குதுன்னு பத்துப் பதினஞ்சு வாங்கிப் போட்டு மாஸ்டர்ல வரிசையா எட்டு மாட்டறது ஒரு வியாதி. சாச்சுரேஷன் ப்ளகின் (சவுண்டை லேசா உடைச்சு அனலாக் மாதிரி நிறம் சேக்கறது) புதுசா ஹார்மானிக்ஸ் (மூல ஒலியோட மடங்குகள்ல வர்ற மேல் ஒலிகள்) உண்டாக்கும், 44.1 கிலோஹெர்ட்ஸ் செஷன்ல 22.05க்கு மேல போக வேண்டியதுக்கு இடம் இல்ல, அது மடங்கித் திரும்பிக் கீழ வந்து சிம்பல், ஹை ஹேட் மேல மணல் தூவின மாதிரி கரகரப்பு காட்டும். ஓவர்சாம்ப்ளிங் (உள்ளுக்குள்ள சாம்பிள் ரேட்டை ஏத்தி வேலை செய்யறது) பட்டன் இருக்கறதே இதுக்குத்தான், எக்ஸ்போர்ட் பண்றப்பவாவது ஆன் பண்ணுங்க. வேவ்ஸ் கம்பெனியோட சில எமுலேஷன்ல மெயின்ஸ்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், 50, 60, ஆஃப்னு. அது வேணும்னே ஹம்மும் இரைச்சலும் சேக்கற ஸ்விட்ச். ஒண்ணுல இருந்தா காதுல விழாது, நாலஞ்சுல அப்படியே இருந்து கடைசியில லிமிட்டர் (பீக் ஒரு எல்லையைத் தாண்டாம பிடிச்சு மொத்த சத்தத்தை ஏத்தறது) 6 டிபி ஏத்தினா அந்த இரைச்சலும் கூடவே 6 டிபி ஏறும், பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முந்தின அமைதியில அப்பட்டமாக் கேக்கும். வாங்கினது என்னைக்கும் நம்மளுதுன்னும் இல்ல, 2019ல மேக்ஓஎஸ் கேட்டலினா வந்தப்ப 32 பிட் ப்ளகின் எல்லாம் ஒரே நாள்ல செத்துப் போச்சு. முடிஞ்ச ப்ராஜெக்டை 24 பிட் வேவ் (WAV) ஃபைலா பிரிண்ட் பண்ணி வைங்க, செஷனை மட்டும் நம்பாதீங்க.

முழு அனலாக் செயின்ல தான் மாஸ்டர் பண்ணுவேன்னு அடம் பிடிக்கறவங்களுக்கு ஒரு விஷயம், கடைசி லிமிட்டர் டிஜிட்டலாத்தான் இருக்கணும். அடுத்த சில மில்லிசெகண்ட்ல வரப்போற பீக்கை முன்னாடியே பாத்துத் தயாராகறது டிஜிட்டலுக்குத்தான் சுலபம், 1994ல வேவ்ஸ் எல்1 லிமிட்டர் வந்ததுலேர்ந்து இது தான் வழக்கம். ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல எகிறற ட்ரூ பீக்கையும் ட்ரூ பீக் மோட் உள்ள டிஜிட்டல் லிமிட்டர் தான் பிடிக்கும், அதைப் பிடிக்காம விட்டா எம்பி3யாவோ ஏஏசியாவோ மாத்தறப்ப கிளிப் ஆகும். லிமிட்டரோட சீலிங்கை (மேல் எல்லை) மைனஸ் 1 டிபிடிபில (ட்ரூ பீக் டெசிபல்) வைங்க. ஸ்பாட்டிஃபை பாட்டோட சத்தத்தை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்க்கு கொண்டு வந்துடும், ஆப்பிள் மியூசிக்ல சவுண்ட் செக் (எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வர்ற செட்டிங்) போட்டிருந்தா மைனஸ் 16க்கு. மைனஸ் 6க்கு நசுக்கி அனுப்பினா ஸ்பாட்டிஃபைல 8 டிபி இறக்கித்தான் போடுவாங்க, நசுங்கினது நசுங்கினது தான்.

இவ்ளோக்கு அப்புறமும் பெட்டி வாங்கற ஆசை இருந்தா, வாங்கறதுக்கு முந்தி காசு செலவில்லாத ஒரு டெஸ்ட் இருக்கு. உங்க இன்டர்ஃபேஸோட அவுட்லேர்ந்து அதோட இன்னுக்கே நேரா கேபிள் போட்டு, நடுவுல எந்தப் பெட்டியும் இல்லாம, முடிச்ச பாட்டு ஒண்ணை ஓட விட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. அதையே மறுபடி ஒரு தடவை, இன்னொரு தடவை. மூணாவது சுத்தை ஒரிஜினலோட லெவல் மேட்ச் பண்ணி கண்ணை மூடிக் கேளுங்க. வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சா கன்வர்ட்டரைத்தான் மொதல்ல மாத்தணும், கம்ப்ரசர் அப்புறம். ஒண்ணுமே தெரியலன்னா ரெண்டு காரணம் இருக்கலாம், கன்வர்ட்டர் நல்லா இருக்கு, இல்ல ரூம் உங்களுக்குக் கேக்க விடல. ஹெட்ஃபோன்லயும் ஒரு தடவை கேட்டுப் பாத்துட்டு கடைக்குக் கிளம்புங்க.