அம்மையா, சுணையா? வீட்டிலேயே பார்த்துச் சொல்வது எப்படி

மாசி பிறந்தால் எங்கள் வலங்கைமான் பக்கம் அறுப்பு முடிந்த வைக்கோலும் சின்னம்மையும் சேர்ந்தே வரும். அக்கா மகன் வைக்கோல் போரில் புரண்டுவிட்டு வந்து முதுகைச் சொறிந்தான். வைக்கோல் சுணை பட்ட அரிப்புதான் என்று எண்ணெய் தடவி விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் பனியனில் ஈரம். கொப்புளம் உடைந்திருந்தது.

முதலில் நாள் கணக்குப் பாருங்கள். தொற்றியபின் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். அதனால் நேற்று யாரோடு விளையாடினான் என்று கேட்டுப் பயனில்லை. இரண்டு வாரம் பின்னால் போய் யோசியுங்கள்.

அடுத்து காய்ச்சல். பெரியவர்களுக்கு ஓரிரு நாள் முன்பே காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். குழந்தைகளுக்குப் பல சமயம் கொப்புளமே முதல் அறிகுறி.

அப்புறம் சட்டையைக் கழற்றி, வாசல் வெளிச்சத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, முகத்தில்தான் தொடங்கும். கொசு, துணி மூடாத கை காலைத்தான் அதிகம் கடிக்கும். தலைமுடியை விலக்கிப் பாருங்கள், வாய்க்குள் டார்ச் அடியுங்கள். அங்கேயும் இருந்தால் அநேகமாகச் சுணை இல்லை.

இனிதான் முக்கியமான சோதனை. சிவப்புப் புள்ளி தடித்து, நீர் கோத்து, வெந்த ஜவ்வரிசி மாதிரி மினுங்கும். பிறகு கலங்கிப் பொருக்குத் தட்டும். உள்ளங்கை அகல இடத்தில் புள்ளி, கொப்புளம், பொருக்கு மூன்றும் கலந்திருந்தால் அநேகமாகச் சின்னம்மைதான். சந்தேகமா? ஒரு புள்ளியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள். மறுநாள் உள்ளே இருப்பது மாறியிருக்கும், வெளியே புதிது முளைத்திருக்கும். தடுப்பூசி போட்டவர்களுக்குச் சில புள்ளிகளோடு, நீர் கோக்காமலே போகலாம்.

மணல்வாரி வேறு. கடும் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு இருக்கும், நீர்க்கொப்புளம் இருக்காது.

வாசலில் வேப்பிலை செருகுங்கள், வருபவர்களுக்கு அது நல்ல எச்சரிக்கை. புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள். கூடவே டாக்டரிடமும் காட்டுங்கள். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள். கர்ப்பிணி, கைக்குழந்தை, பெரியவர்கள் என்றால் அன்றைக்கே போக வேண்டும், மருந்தைப் புள்ளி தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் தூங்கி வழிந்தாலோ காத்திருக்கக் கூடாது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அக்கா மகனுக்கு மூன்று தண்ணீர் ஊற்றியாயிற்று, பள்ளிக்கு அனுப்பலாம் என்றார் அம்மா. நான் தலையைத் தடவிப் பார்த்தேன். காதோரம் இன்னும் ஒன்று காயாமல் இருந்தது.