ஆள் ஓலையைப் படிப்பது எப்படி? பாட்டா வீட்டுப் பரணில் கற்றது

குமரி மாவட்டம் தோவாளைப் பக்கம் பாட்டா வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு ஓலைக்கட்டு கிடைத்தது. நிலப்பத்திரம் என்றுதான் எழுத்துக்கூட்ட ஆரம்பித்தேன். வயல் வந்தது, தென்னை வந்தது, அடுத்த வரியில் ஆட்கள் வந்தார்கள், விற்கப்பட்ட அடிமைகளாக. இப்படி ஆளைக் கைமாற்றிய பத்திரம்தான் ஆள் ஓலை. மாமாவிடம் சொன்னதும், "இதை ஏம்லே தோண்டுத?" என்றார். தோண்டிய வழியை இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ் எண்களை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு வாருங்கள்.

முதலில் படம். ஸ்கேனர் வேண்டவே வேண்டாம். அழுத்தினால் ஓலை ஒடியும். நேர் வெளிச்சத்தில் எழுத்தாணிக் கீறலும் தெரியாது. இருட்டறையில் ஓலையைக் கிடத்தி, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து போனில் எடுங்கள். கீறலில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். கரி பூசுவது, புல்தைலம் தடவுவது எல்லாம் பழகியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

அடுத்து வாசிப்பு. ஓலையில் புள்ளி இருக்காது. துணைக்காலுக்கும் (ா) ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ஒற்றைக்கொம்பே நெடிலுக்கும் வரும். ‘ஆள பெர ௩’ என்று இருந்தால் ‘ஆள் பேர் 3’. அந்தப் ‘பெர’வை ‘பெரிய’ என்பதன் சுருக்கம் என்று நினைத்து இரண்டு நாள் சுற்றினேன். தலை எண்ணிக்கை என்று புரிந்த பிறகு அன்றைக்கு வேறு எதுவும் படிக்க ஓடவில்லை.

இனி ஆண்டு. நான் சறுக்கிய இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். நம் பகுதி ஓலைகளில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு இருக்கும். ஆங்கில ஆண்டு கிடைக்க ‘825 கூட்டினால் போதும்’ என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் சரி. கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். ஆகவே ஆவணி முதல் மார்கழிப் பாதிவரை 824, அதற்குப் பின் ஆடி முடியும்வரை 825. என் ஓலையில் ௯௱௮௰௮ ஐப்பசி, அதாவது 988. நான் 825 கூட்டி 1813 அக்டோபர் என்று எழுதிவிட்டேன். அன்று நம் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் ராணி கௌரி லட்சுமிபாயின் அரசு, நிலத்தோடு கட்டுண்டவர்களை மட்டும் விட்டுவிட்டு மற்ற அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் தடை செய்தது 1812 டிசம்பரில். ‘நம்ம வீட்டில் தடையை மீறியிருக்கிறார்கள்’ என்று மாமாவிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். சரியான கணக்கு 1812 அக்டோபர், தடைக்கு முந்தியது. மீறல் இல்லை என்றானதும் மாமா முகம் தெளிந்தது. எனக்கு அப்படி ஒன்றும் தெளியவில்லை, விற்றது விற்றதுதானே. இன்னொன்று: ௮ என்ற எண்ணும் ‘அ’ என்ற எழுத்தும் ஒரே உருவம். ௭-ம் ‘எ’-யும் அப்படியே. ௱, ௰ பக்கத்தில் வந்தால் எண் என்று கொள்ளுங்கள்.

பிறகு, என்ன நடந்தது என்று பாருங்கள். விலையா, ஒற்றியா, பாட்டமா? நிலத்தைப் போலவே ஆளையும் விற்றார்கள், அடகு வைத்தார்கள், குத்தகைக்கும் விட்டார்கள். ‘வெள்ளாட்டி’ என்று வந்தால் அடிமைப் பெண். தொகையை இன்றைய ரூபாய்க்கு மாற்றிப் பார்க்காதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அந்த ஓலையிலேயே வயலுக்கு என்ன விலை, ஆளுக்கு என்ன விலை என்று ஒப்பிடுவதுதான் உருப்படியான கணக்கு.

பிற்சேர்க்கை 1: "1843-லேயே அடிமைமுறையை ஒழித்துவிட்டார்களே, என்னிடம் 1850 ஓலை இருக்கிறதே, போலியா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போலி என்று சொல்ல அது காரணமாகாது. 1843 சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதிக்கு. நம் மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். இங்கே 1853 அறிவிப்பு அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளை விடுவித்தது. முழு விடுதலை 1855 ஜூனில், கொல்லம் 1030 ஆனி. உத்திரம் திருநாள் மகாராஜா காலம்.

பிற்சேர்க்கை 2: அதற்குப் பிந்தைய தாள்களில் ‘அடிமை’ என்ற சொல்லை மட்டும் தேடினால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். கடன் சீட்டுகளில் பணத்துக்கு ஈடாக வேலை எழுதியிருக்கிறதா, பண்ணையாள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். 1956 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் சமஸ்தானப் பதிவுகளைத் தேட சென்னைக்குப் போகாதீர்கள், திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்கு பஸ் ஏறுங்கள். நாகர்கோவில், நெய்யூர் லண்டன் மிஷன் கடிதங்கள் லண்டன் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேடிப் படியெடுத்ததால்தான் நாஞ்சில் நாட்டு ஆள் விற்பனை பற்றி நமக்கு இவ்வளவாவது தெரிகிறது.

படத்தை வாட்ஸாப்பில் போடுமுன் பெயர் வரிகளை மறைத்துவிடுங்கள். நம் ஊர்களில் சாதி பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். என் ஓலையில் உள்ள மூன்று பெயர்களையும் நான் இங்கே எழுதாததற்குக் காரணமும் அதுதான். மாமா கட்டைத் திருப்பிக் கேட்கிறார். இன்னும் ஏழு ஓலை படிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.