46 வீடியோ எடுத்தேன், 4 பேர் சேர்ந்தார்கள்: கட்டண ஆன்லைன் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னைத் தேடி வந்துவிட்டார்கள். பாம்பனில் கருவாடு காயவைத்து விற்கும் ஓர் அக்கா, கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பைக் கிண்டி விற்கும் ஓர் அம்மா, தொண்டியில் ஆரி ஒர்க் போடும் ஒரு தங்கச்சி. மூவருக்கும் ஒரே ஆசைதான். கைத்தொழிலை ஆன்லைனில் கட்டணம் வாங்கிக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர்கள் பேசப் பேச எனக்குப் பதறியது. மூன்று வருடத்துக்கு முன்னால் நான் போட்ட அதே திட்டம், அதே வரிசை, அதே செலவுக் கணக்கு.

எனக்கு மண்டபத்துக்குப் பக்கத்தில் பனை ஓலைப் பெட்டி முடையும் தொழில். கூட எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். முற்றத்தில் உட்காரவைத்து இருபது வருடமாகப் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆன்லைன் வகுப்பில் இறங்கியபோதுதான் அடி வாங்கினேன். வெளிச்சம் பார்த்து எடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் அது உங்களுக்கே புரிந்துவிடும். பணத்தையும் மாதங்களையும் தின்னும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஒருவர்கூடப் பணம் கட்டாத நிலையில் வகுப்பு முழுவதையும் எடுத்து முடிப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் அடங்கவில்லை. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். அவர் போனைப் பிடிக்க, நான் முடைய, தினம் ஒன்று என்று 46 வீடியோ எடுத்தோம். குருத்தோலை தேர்வதில் தொடங்கி, ஈர்க்கு உரிப்பது, வெயிலில் வெளுக்க வைப்பது, சாயம் காய்ச்சுவது, அடி போடுவது, மூலை எழுப்புவது, விளிம்பு பொத்துவது வரை ஒன்றையும் விடவில்லை. ஆடி பிறந்ததும் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. திருத்தம் செய்ய மறுபடி எடுத்த வீடியோக்களில் பாதியில் என் குரலைவிடக் காற்றுச் சத்தம்தான் அதிகம். அவற்றை மூன்றாவது தடவையும் எடுத்தோம்.

செலவைக் கேளுங்கள். விளக்கு, ஸ்டாண்டு, காலர் மைக் 9,000 ரூபாய். எடிட்டிங் ஒரு வீடியோவுக்கு 800 வீதம் 36,800. வீடியோக்களை ஏற்றி விற்கும் தளத்துக்கு வருடச் சந்தா 24,000. விளம்பரத்துக்கு 12,000. மொத்தம் 81,800. வகுப்புக் கட்டணம் 2,500 ரூபாய் வைத்தேன். “சூப்பர் அக்கா, நான் கண்டிப்பா சேருவேன்” என்று செய்தி அனுப்பியவர்கள் 73 பேர். பணம் கட்டியவர்கள் 4 பேர்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. அந்த நால்வரில் கோவையிலிருந்து சேர்ந்த ஒரு பெண் முதல் நாளே கேட்டார்: “அக்கா, ஓலைக்கு நான் எங்கே போறது?”

எங்கள் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் பனை நிற்கிறது. குருத்து வேண்டும் என்றால் மரம் ஏறுபவரிடம் முதல் நாள் சொன்னால் போதும். கோவையில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? 46 வீடியோவில் ஒன்றிலும் இதற்குப் பதில் இல்லை. சரி, நாமே அனுப்பிவிடலாம் என்று ஓலையை மடித்து, பிளாஸ்டிக் கவரில் ஒட்டி அனுப்பினேன். அது ஐப்பசி மாதம், விடாத மழை. போய்ச் சேர்ந்தபோது மடித்த இடத்தில் ஓலை வெடித்திருந்தது, உள்ளே ஈரம் கோத்துப் பூசணமும் பிடித்திருந்தது. இரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். இப்போது நன்றாகக் காய்ந்த ஓலையை மடிக்காமல் சுருளாகச் சுற்றி, காகிதத்தில் பொதிந்து, அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறோம்.

இரண்டாவது அடி இதைவிடப் பெரியது. மீதி இருந்த இருவருக்கும் மனசு கேட்காமல் நேரலையில் ஒரு வகுப்பு எடுத்தேன். ஒருவர் தான் முடைந்த பெட்டியின் அடியைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டினார். பின்னால் சன்னல். அடி முழுக்க ஊசி ஊசியாக வெளிச்சம். பின்னல் தளர்ந்து கிடந்தது. அந்த அடியில் மூலை எழும்பவே எழும்பாது. முற்றத்தில் கற்றுக்கொடுக்கும்போது நான் என்ன செய்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் விரல்மேல் என் விரலை வைத்து, “இழு, இன்னும் கொஞ்சம் இழு” என்கிறேன். இறுக்கத்தைக் கையால்தான் கொடுத்திருக்கிறேன், வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் வீடியோவிலும் சொல்லவில்லை. இப்போது என் வகுப்பில் மூன்றாவது பாடமே அதுதான்: நாலு வரி முடைந்ததும் அடியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரிந்தால் பிரித்துவிட்டு மறுபடி முடையுங்கள். கேழ்வரகை ஒரு பிடி கொட்டி ஆட்டிப் பாருங்கள், ஒரு மணிகூடக் கீழே விழக் கூடாது.

இன்னொன்றும் அன்றைக்கே தெரிந்தது. போனை எனக்கு எதிரே வைத்து எடுத்திருந்தோம். பார்ப்பவருக்கு என் வலது கை அவருடைய இடப் பக்கம் தெரியும். நான் “வலது ஓலையை மேலே கொண்டு வாங்க” என்று சொல்லச் சொல்ல, அவர்கள் கண் ஒன்றைப் பார்க்கிறது, காது வேறொன்றைக் கேட்கிறது. முடைபவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தால் இந்தக் குழப்பமே இல்லை. 46 வீடியோவையும் எதிரே இருந்துதான் எடுத்திருந்தோம்.

ஆகவே என்ன செய்ய வேண்டும்? முதலில் எட்டுப் பேர் போதும். அதற்குமேல் வேண்டாம். என்ன கற்றுக்கொடுப்பீர்கள், முடிவில் அவர்கள் கையில் என்ன பொருள் இருக்கும், எத்தனை வகுப்பு, எவ்வளவு கட்டணம் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பணத்தைக் கேளுங்கள். “ஆர்வம் இருப்பவர்கள் கை தூக்குங்கள்” என்று கேட்டால் 73 பேர் தூக்குவார்கள். எட்டுப் பேர் பணம் கட்டவில்லை என்றால் கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாடத்தையோ விலையையோ மாற்றுங்கள். கட்டிவிட்டால் நாலு வாரம் நேரலையில் நடத்துங்கள். கூகுள் மீட்டில் இலவசக் கணக்கு வைத்து மூன்று பேரோ அதற்குமேலோ சேர்ந்தால் 60 நிமிடம்தான், ஜூமில் 40 நிமிடம். அதற்குள் ஒரு பாடத்தை முடிக்கப் பழகுவது நல்லதுதான், அதற்குமேல் கையும் வலிக்கும்.

அவர்கள் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு குழுவை இப்படி நடத்திய பிறகு நான் புதிதாக வீடியோ எடுத்தேன். 11தான். எல்லாவற்றிலும் நீளமானது 9 நிமிடம். அந்த 11 போதுமானதாக இருக்கிறது.

சொந்த ஆப்

முதல் வருடம் வேண்டவே வேண்டாம்.

சமையல் ரகசியத்தைப் பாதி மறைத்துச் சொல்வது

தொதல் அம்மாவுக்கு இந்தப் பயம்தான். பக்குவத்தைச் சொல்லிவிட்டால் நாளைக்கு யார் என்னிடம் வாங்குவார்கள் என்கிறார். அதனால் தேங்காய்ப்பாலை எந்தக் கட்டத்தில் எவ்வளவு ஊற்றுவது என்பதை மட்டும் மேலோட்டமாகச் சொல்லி விட்டுவிடலாம் என்று யோசனை.

அப்படிச் செய்யாதீர்கள் அம்மா என்று கெஞ்சியே சொன்னேன். பணம் கட்டியவர் வீட்டில் மணிக்கணக்காகக் கிண்டி, அது பிசுபிசுவென்று சட்டியில் ஒட்டிக்கொண்டு நின்றால், குறை தன் கையில்தான் என்று முதலில் அழுவார். இரண்டாம் தடவையும் வரவில்லை என்றால் உங்களைப் பற்றி நாலு பேரிடம் சொல்வார். அதில் நியாயமும் இருக்கிறது. ஒருமுறை தானே அடுப்படியில் நின்று, எண்ணெய் பிரிந்து வரும்வரை கிண்டிப் பார்த்தவருக்குத்தான் நீங்கள் கிலோவுக்குச் சொல்லும் விலை நியாயம் என்று தெரியும். என்னிடம் பெட்டி முடையக் கற்றவர்களில் பலர் இன்று என்னிடமே கல்யாணத்துக்கு நூறு பெட்டி, இருநூறு பெட்டி என்று ஆர்டர் கொடுக்கிறார்கள்.

சொல்ல மனமில்லாத பக்குவம் இருந்தால் அந்தப் பலகாரத்தையே வகுப்பில் வைக்காதீர்கள். வைத்தால் முழுதாகச் சொல்லுங்கள்.

எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போடுவது

சாதாரணக் குழுவில் போட்டால் ஒவ்வொருவருடைய எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். என் முதல் குழுவில் இருந்த ஒரு பெண்ணுக்கு இரவு பதினொரு மணிக்கு முன்பின் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வரத் தொடங்கியது. அவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. வகுப்பைவிட்டு நின்றுவிட்டார். பல நாள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. நம்மை நம்பி எண்ணைக் கொடுத்தவரின் நிம்மதியைக் காப்பது நம் பொறுப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்டும் எனக்கு ஆறவில்லை.

வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்று ஒன்று இருக்கிறது. அதன் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. அறிவிப்பை அதில் போடுங்கள். சந்தேகங்களைத் தனித்தனியாக உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெண்கள் மட்டும் உள்ள வகுப்பு என்றாலும் இப்படித்தான் செய்ய வேண்டும், ஒரு வீட்டில் போன் எத்தனை பேர் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

கட்டணத்தில் பொருளையும் கூரியரையும் மறப்பது

2,500 வாங்குகிறேன் என்று சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஓலை, சாயம், ஊசி, அட்டைப் பெட்டி. கூரியர். உடைந்து போனால் மறுபடி அனுப்பும் செலவு. பணம் வாங்கித் தரும் சேவைக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 2 ரூபாய், அந்தக் கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டி. நான் இப்போது வகுப்புக்குத் தனி விலை, பொருளுக்குத் தனி விலை என்று பிரித்துவிட்டேன். திருநெல்வேலிக்காரர் தன் ஊர் ஓலையிலேயே முடைந்துகொள்வார், அவருக்கு ஏன் என் கூரியர் செலவு?

வரியையும் சொல்லிவிடுகிறேன். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு வருடத்துக்கு 40 லட்சம். வகுப்பு நடத்துவது சேவை, அதற்கு வரம்பு 20 லட்சம். ஒரே பான் எண்ணில் இரண்டையும் செய்தால் கருவாட்டு வியாபாரமும் வகுப்பும் சேர்ந்த மொத்த வரவைத்தான் பார்ப்பார்கள், வரம்பும் 20 லட்சம்தான். பாம்பன் அக்காவுக்கு இது புதிது. அவருடைய கருவாட்டு வரவு மட்டுமே அதற்குக் கிட்டத்தில் இருக்கிறது. வகுப்பு அறிவிப்பதற்கு முன்னால் ஆடிட்டரைப் பாருங்கள், அறிவித்த பிறகு அல்ல. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பணம் வரும் என்றால் அதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாழ்நாள் முழுவதும் பார்க்கலாம் என்று வாக்குக் கொடுப்பது

தளத்துச் சந்தா முடிந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு வருடம் என்று எழுதுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு இலவசம்

முதல் குழுவில் கூடாது. இரண்டாம் வகுப்புக்கே வரமாட்டார்கள், இடமும் வீணாகும்.

நாள் பார்க்காமல் அறிவிப்பது

நம் கடற்கரையில் தடைக்காலத்தில் பல வீட்டில் கையில் காசு இருக்காது. ஜூனில் பள்ளிக்கூடச் செலவு. ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கருவாடும் காயாது, ஓலையும் காயாது. உள்ளூர்க்காரர்கள்தான் உங்கள் மாணவர்கள் என்றால் தை, மாசி பார்த்துத் தொடங்குங்கள்.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பார். அங்கிருக்கும் நம் பெண்கள் ஆசையாகச் சேருவார்கள். நமக்கு இரவு எட்டரை என்றால் துபாயில் ஏழு மணி, கோலாலம்பூரில் பதினொன்று. இரண்டு பேரையும் ஒரே வகுப்பில் வைத்தால் ஒருவருக்கு அடுப்படி நேரம், இன்னொருவருக்குத் தூங்கும் நேரம். நான் கிழக்கே ஒரு குழு, மேற்கே ஒரு குழு என்று பிரித்துவிட்டேன்.

---

தொண்டித் தங்கச்சி நேற்று போன் செய்தாள். வாங்க இருந்த கேமராவை ரத்து செய்துவிட்டாளாம். எட்டுப் பேர் பணம் கட்டியிருக்கிறார்கள், அவளே ஒரு வகுப்பை ஒத்திகை பார்த்திருக்கிறாள். “அக்கா, ஆரியில மேல ஊசி பிடிக்கிற கை தெரியுது. துணிக்குக் கீழ நூலைச் சுத்தி விடுற கை தெரியவே இல்லையே, அதுலதானே எல்லாருக்கும் தப்பு வருது?” என்றாள். கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டில் இருக்கும் இரண்டாவது போனைத் துணி மாட்டிய சட்டத்துக்கு அடியில் மல்லாத்தி வைத்து, அதையும் தனி ஆளாக மீட்டில் சேர்த்துவிடச் சொன்னேன். அந்தப் போனில் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எதிரொலிக்கும். வெள்ளிக்கிழமை முதல் வகுப்பு.