தோட்டத்து நாவலைப் படமாக்க நினைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் தமிழ்ப் படமும் தொலைக்காட்சி நாடகமும் எடுக்கும் இளைஞர்கள் கதைக்காக நம் எழுத்தாளர்களின் நாவல்களைப் புரட்டத் தொடங்கினால், அதனால் நம் இலக்கியமும் பிழைக்கும், நம் சினிமாவும் பிழைக்கும். ஆனால் நூலைப் படமாக்கும் முயற்சிகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. இந்த நூலிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம், எதை விடுகிறோம் என்று முடிவு செய்யாமலேயே திரைக்கதை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்து கிளைப்பவையே.

அதற்கும் முன்னால் நடக்கும் தவறு ஒன்று உண்டு, அது உரிமை பற்றியது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் இலக்கியப் படைப்பின் உரிமை எழுத்தாளரின் வாழ்நாள் முழுவதும் இருந்து, அவர் மறைந்த பிறகும் 50 ஆண்டுகள் நீடிக்கிறது. அந்த உரிமையை மாற்றித் தருவதாக இருந்தாலும், பயன்படுத்த அனுமதி தருவதாக இருந்தாலும், எழுத்தில் இருந்தால்தான் செல்லும். நூல் வெளியீட்டு விழாவில் எழுத்தாளர் தோளைத் தட்டி, "தாராளமா எடுங்க தம்பி" என்று சொன்னது அனுமதி ஆகாது. அவர் மறைந்துவிட்டால் அந்தச் சொல்லுக்குச் சாட்சியும் இருக்காது, பிள்ளைகளில் ஒருவர் சம்மதித்து இன்னொருவர் மறுக்கும்போது படம் பாதியில் நிற்கும். நூலை அச்சிட்ட பதிப்பகத்திடம் படமாக்கும் உரிமையும் இருக்கும் என்று தானாக எண்ணிக்கொள்ளவும் கூடாது. அது எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இங்கே பல எழுத்தாளர்கள் தங்கள் நூலைத் தாங்களே அச்சிட்டுக்கொள்வதால், பெரும்பாலும் நேராக அவர்களிடமோ குடும்பத்தாரிடமோதான் பேச வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டு எழுத்தாளரின் கதையை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் பாதுகாப்புக் காலம் எழுத்தாளர் மறைந்த பின் 60 ஆண்டுகள், சிங்கப்பூரில் 70 ஆண்டுகள். ஆகவே 55 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரின் நாவலை இங்கே தடையின்றிப் படமாக்கிவிட்டு, அதே படத்தைச் சென்னையில் திரையிட முயன்றால் சிக்கல் வரும். முழுத் தொகை கையில் இல்லாதவர்கள், ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டுக்குக் கதையைத் தங்களுக்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளும் சிறு ஒப்பந்தம் ஒன்றை முதலில் போட்டுக்கொள்ளலாம். அதற்கான தொகை சிறியதுதான். அதைக்கூடத் தராமல் எழுத்தாளரின் அன்பை நம்பிப் படம் தொடங்குவது அவருடைய உழைப்பை மதிக்காத செயல் என்றே நான் கருதுகிறேன்.

இனி எழுத்துக்கு வருவோம். நாவலில் மனவோட்டம் வரும் இடங்களையெல்லாம் பின்னணிக் குரலாக மாற்றிவிடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. எடுத்துக்காட்டுக்காக ஒரு ரப்பர் தோட்டத்து நாவலைக் கற்பனை செய்துகொள்வோம். கணவனை இழந்த ஒரு பெண் மறுநாள் விடியற்காலையில், வேலைக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வருகிறாள். எல்லாரும் தன்னைப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றுவதையும், வேலைக்கு வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற அச்சத்தையும், அழக்கூட நேரமில்லாத கோபத்தையும் நாவலாசிரியர் இரண்டு பக்கங்களில் எழுதியிருக்கிறார். இந்த இரண்டு பக்கங்களை நடிகையின் குரலில் பதிவு செய்து காட்சியின் மேல் ஓட்டினால், பார்வையாளர் செவியால் கேட்பாரே தவிரக் கண்ணால் எதையும் காணமாட்டார். அதற்குப் பதிலாக இப்படி எடுக்கலாம்: அதே காட்சியில் தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர்ப் பட்டியலை வாசித்து வருகிறார், பழக்கத்தில் இறந்தவனின் பெயரையும் வாசித்துவிடுகிறார், யாரும் பேசவில்லை, அவள் கையிலிருக்கும் வாளி ஒருமுறை அசைகிறது, அடுத்ததாகத் தன் பெயர் வந்ததும் "இருக்கேன்" என்கிறாள். பெயரை வாசிக்கும் இந்த நிகழ்ச்சி நாவலில் இருக்க வேண்டிய அவசியமில்லை. நாவல் சொன்னதைப் படம் தன் வழியில் சொல்வதற்கு அது தேவைப்படுகிறது.

நூலில் இல்லாத காட்சியைச் சேர்ப்பது துரோகம் என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டிலேயே படமான ஒரு சான்று உண்டு. கெவின் குவானின் 2013ஆம் ஆண்டு நாவலிலிருந்து 2018இல் வந்த 'கிரேசி ரிச் ஏஷியன்ஸ்' படத்தில், கதாநாயகியும் காதலனின் தாயும் எதிரெதிரே அமர்ந்து மாஜோங் என்னும் சீனக் காய் ஆட்டம் ஆடும் காட்சி பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள சியோங் பாட் சீ மாளிகையில் எடுக்கப்பட்டது. நாவலில் அந்தக் காட்சி கிடையாது. வெல்லக்கூடிய காயைக் கதாநாயகி விட்டுக்கொடுக்கும்போது, அந்த ஆட்டத்தின் விதிகள் தெரியாதவருக்கும் அவள் எதைத் துறக்கிறாள் என்பது விளங்கிவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக, நூலில் உள்ள அனைத்தையும் வைத்துக்கொள்ளும் ஆசையும் படத்தைக் கெடுக்கும். திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. 400 பக்க நாவலை இரண்டு மணி நேரத்தில் அடைத்தால், பாட்டி, மாமன், சங்கத் தலைவர், பள்ளி ஆசிரியர் என ஒவ்வொருவரும் முகம் காட்டிவிட்டுப் போவார்களே தவிர, யாரும் மனத்தில் நிற்கமாட்டார்கள். பூமணியின் 'வெக்கை' 1982இல் வெளிவந்தது. கொலை செய்துவிட்டுத் தலைமறைவாகும் ஒரு சிறுவனோடு நடக்கும் நாவல் அது. 2019இல் 'அசுரன்' ஆனபோது வெற்றிமாறன் கதையின் மையத்தைத் தந்தைக்கு மாற்றி, அவருடைய இளமைக் கால வரலாற்றையும் சேர்த்தார். நாவலின் நுட்பம் குறைந்தது என்று வருந்துவோர் உண்டு, அந்த வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் யாருடைய கதையைச் சொல்கிறோம் என்பதில் அந்தப் படத்துக்குக் குழப்பம் இல்லை. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' என்னும் குறுநாவலிலிருந்து பிறந்தது. குறைந்த பணத்தில் படம் எடுக்கும் நம்மவர்களுக்கு இத்தகைய சிறிய படைப்புகளே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஜப்பானியர் ஆட்சிக் காலத்துச் சயாம் மரண ரயில் பாதை வேலை போன்ற பெருங்களத்தை முதல் படத்திலேயே தொட்டு, நூறு பேர் நிற்க வேண்டிய இடத்தில் பத்துப் பேரை நிறுத்துவதைவிட, அந்த ரயில் பாதை வேலைக்குப் போனவன் திரும்பாத ஒரு லயத்து வீட்டை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டைக் காட்டுவது மேல்.

களத்தைப் பற்றிய அலட்சியத்தை நம் ஊர்ப் பார்வையாளர்கள் மன்னிக்கமாட்டார்கள். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த புக்கிட் ஜாலிலில் இன்று தேசிய விளையாட்டரங்கமும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. எஞ்சிய தோட்டங்களில் பெரும்பாலும் செம்பனை. ஆகவே 1950களில் நடக்கும் கித்தா (ரப்பர்) தோட்டத்துக் கதையைச் செம்பனைக்கு நடுவே எடுத்துவிடும் ஆபத்து உண்மையானது. ரப்பர் மரம் கிடைத்தாலும் நேரம் தவறிவிடுகிறது. குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் மரம் வெட்டுவது, அதாவது பாலுக்காகப் பட்டையைச் சீவுவது, விடியலுக்கு முன்பே தொடங்கும். உச்சி வெயிலில் ஒருத்தி மரம் வெட்டிக்கொண்டிருந்தால் தோட்டத்தில் பிறந்த எந்தப் பார்வையாளரும் அந்தக் கணமே படத்தை விட்டு வெளியே வந்துவிடுவார். மரத்தில் கட்டிய மங்கு என்னும் கிண்ணத்தில் பால் குழாயைத் திறந்தது போல ஓடாது, சொட்டுச் சொட்டாகவே இறங்கும். மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை, பழைய நாள்களில் வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை; நாவலில் ஒரு வரியில் வரும் மழை ஒரு குடும்பத்தின் அன்றைய அடுப்பைத் தீர்மானிக்கிறது என்பதைத் திரைக்கதை எழுதுபவர் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக வசனம். நம் பழைய நாவல்களில் பாத்திரங்கள் பெரும்பாலும் எழுத்துத் தமிழிலேயே பேசுவார்கள். அதை அப்படியே நடிகர் வாயில் வைத்தால் மேடை நாடகமாகிவிடுகிறது. அதைச் சரிசெய்வதாக எண்ணிச் சென்னைப் படங்களின் பேச்சை வைத்தால் கிள்ளானில் பிறந்த மனிதர் கோடம்பாக்கத்துக்காரர் ஆகிவிடுகிறார். தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் இரண்டு மூன்று பேரை உட்கார வைத்து, படப்பிடிப்புக்கு முன்பே வசனத்தை வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் எந்த வரியில் முகம் சுளிக்கிறார்களோ அந்த வரியை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு நடிகர்களுக்குப் பிரதியைக் கொடுக்கலாம்.