கோரையை இழுக்காதீர்கள், தோண்டுங்கள்

புல் வெட்டி மூன்று நாள்கூட ஆகவில்லை, அதற்குள் சில இலைகள் மட்டும் விறைப்பாகத் தலைதூக்கி நிற்கின்றனவா? பூத்தண்டு ஒன்றைக் கிள்ளி விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். உருளாமல் மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டால் அது புல்லே இல்லை, கோரை. ஊரில் குளியல் பொடிக்கு அரைப்பார்களே, அதே கோரைக்கிழங்குதான். வாசனையான பொருள்தான், முளைத்த இடம்தான் சரியில்லை.

முதல் வருடம் முழுக்க நான் கையால் பிடுங்கிக்கொண்டே இருந்தேன். பிடுங்கப் பிடுங்க அதிகமானது. காரணம் மண்ணுக்குள் இருக்கிறது: கிழங்குகள் மெல்லிய இழையில் கோத்த மணிகள்போல வரிசையாகக் கிடக்கும். மேலே இழுத்தால் இழை அறுந்து, அதுவரை தூங்கிய கிழங்கும் முளைத்துவிடும்.

முதலில் நாள் பாருங்கள். இங்கே சிங்கப்பூரில் டிசம்பர், ஜனவரி மழையில் இறங்க வேண்டாம். பிப்ரவரியில் மழை குறையும், அதுதான் தோது. முந்தின நாள் மாலை தண்ணீர் விட்டு மண்ணை இளக்கிக்கொள்ளுங்கள்.

செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு தூக்குங்கள். பெரும்பாலான கிழங்குகள் மேல் 15 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். கட்டியை உடைத்து, கறுப்பாக, கடலை அளவில் இருப்பதையெல்லாம் பொறுக்குங்கள். இழை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே தோண்டிப் போங்கள். இதில் அவசரப்பட்டால் மொத்த வேலையும் வீண். பொறுக்கியதைச் சிமெண்டுத் தரையில் பரப்பி வெயிலில் சுருங்கக் காயவிட்டு, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழிக்கு வேண்டாம். கொளுத்தவும் வேண்டாம், இங்கே அதற்கு அனுமதி இல்லை.

குழியை அன்றே மூடுங்கள், தண்ணீர் தேங்கினால் கொசு வரும். மேலே நர்சரியில் ‘கவ் கிராஸ்’ என்ற புல்வெளிப் புல்லை மண்ணோடு துண்டாக வாங்கிப் பதித்துவிடலாம். வாங்கும்போதே அடிமண்ணைப் பிரித்துப் பாருங்கள். கோரை அதோடுதான் வீட்டுக்கு வரும்.

மருந்து? கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தால் நல்ல புல்லும் சேர்ந்து போய்விடும். புல்லை மட்டும் கொல்லும் மருந்துகள் கோரையைத் தொடாது. பிளாஸ்டிக் விரித்தால் அதையும் குத்திக்கொண்டு வெளியே வரும்.

அப்புறம் வாரம் ஒருமுறை ஒரு சுற்று வாருங்கள். புது முளையை இரண்டு மூன்று இலையிலேயே தோண்டி எடுத்தால் அது அடுத்த கிழங்கு வைக்காது. புல்லையும் ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலம் விடுங்கள், கோரைக்கு நிழல் ஆகாது. எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வேலியோரம் இன்னும் இரண்டு முளைக்கின்றன.